இருபது டன் எங்கே போயிடும்?

பி.காம் படிக்கிற எல்லாருக்கும் ஆப்பரேட்டிங் காஸ்டிங் என்று ஒரு பாடம் வரும். ஒரு லாரி, மாதத்துக்கு இத்தனை நடை, டிரைவர் சம்பளம், இன்சூரன்ஸ், வரி, தேய்மானம், டீசல், டயர், ஆயில். எல்லாவற்றையும் கூட்டி டன்-கிலோமீட்டருக்கு என்ன செலவு என்று கண்டுபிடிக்க வேண்டும். எட்டு மார்க் கேள்வி, படித்தால் நிச்சயம் கிடைக்கும். நானும் எத்தனையோ கணக்கு போட்டுவிட்டேன். ஒன்றில்கூட ஏற்றிய சரக்கைக் கட்டுவதற்கு ஒரு ரூபாய் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. கிளீனர் பேட்டா வரைக்கும் வருகிறது. கட்டுக்கு மட்டும் வரி இல்லை.

புத்தகத்தில்தான் இல்லை, நிஜத்தில் இருக்கும் என்று நினைத்தேன். நான் சங்ககிரிப் பக்கம். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு லாரி இல்லையென்றாலும் வீட்டுக்கு ஒரு லாரிக்கதை உண்டு. என் மாமா ஒருவர் லோ-பெட் டிரெய்லர் வைத்து ஓட்டுகிறார். பொக்லைன், ரோடு ரோலர், கிரஷர் சாமான் இதெல்லாம்தான் அவர் ஏற்றுவது. அவர் பில் புக்கைப் புரட்டிப் பார்த்தேன். அதிலும் இல்லை! வாடகை, டோல், வெயிட்டிங். அவ்வளவுதான்.

இந்தப் பதிவு அந்த இல்லாத வரியைப் பற்றி. காமர்ஸ் பையன் எதற்கு டிரெய்லர் பற்றிப் பேசுகிறான் என்று கேட்கிறவர்கள் கடைசி வரை வாருங்கள், எல்லாம் காசு விஷயம்தான் :-)

முதலில் மாமாவிடம் நான் கேட்ட கேள்வி. "ஏனுங்க மாமா, இருபது டன் மெஷினு. அத்தனை எடைக்கு அது பாட்டுக்கு உக்காந்திருக்காதுங்களா? எதுக்கு இத்தனை செயினு?"

"புதுசா வர்ற பசங்க பூராம் இதத்தான் கேக்கறானுங்க கண்ணு. இருபது டன்னு எங்க போயிடும்னு. நிக்கற வண்டில அது எங்கியும் போவாது. வண்டி நின்னு மெஷினு நிக்காமப் போற அன்னிக்குத்தான் தெரியும்."

பிளஸ் டூவில் பிசிக்ஸ் பக்கமே போகாதவன் நான். ஆனால் இந்தக் கணக்கு பேலன்ஸ் ஷீட்டைவிடச் சுலபம். பிரேக் அடித்தால் டிரெய்லரின் வேகம் குறைகிறது. மேலே இருக்கிற மெஷினின் வேகத்தைக் குறைக்க யாராவது அதைப் பிடித்து இழுக்க வேண்டும். கட்டு இல்லையென்றால் அந்த வேலையைச் செய்வது மெஷினுக்கும் படுகைக்கும் இடையே உள்ள உராய்வு மட்டும்தான். எடை கூடினால் உராய்வும் கூடும், உண்மை. ஆனால் எடை கூடினால் முன்னால் தள்ளுகிற விசையும் அதே விகிதத்தில் கூடும். இரண்டும் சரிக்குச் சரி ஏறுவதால் எடை இந்தக் கணக்கிலிருந்தே கழன்றுவிடுகிறது. இரண்டு கிலோ பெட்டி எந்த பிரேக்குக்கு நகருமோ, அதே பரப்பின் மேல் அதே பிரேக்குக்கு இருபது டன் பொக்லைனும் நகரும். வித்தியாசம் ஒன்றுதான். பெட்டி நகர்ந்தால் சத்தம் கேட்கும். பொக்லைன் நகர்ந்தால் கேபின் இருக்காது.

"கனமானது நகராது" என்பது நம் ஆட்களிடம் வேரூன்றிப் போன நம்பிக்கை. வீட்டில் பீரோவை நகர்த்திக் கஷ்டப்பட்ட அனுபவத்திலிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பீரோவைத் தள்ளுவது நம் கை, அதன் பலம் மாறாது. டிரெய்லரில் மெஷினைத் தள்ளுவது மெஷினின் எடையேதான்.

இப்போது எண்கள். அமெரிக்க மத்திய அரசின் லாரி விதிகளில் ஒரு அளவுகோல் இருக்கிறது. எடையில் 80 சதவீத விசை முன்னோக்கித் தள்ளினாலும், 50 சதவீதம் பின்னோக்கியோ பக்கவாட்டிலோ தள்ளினாலும் கட்டு தாங்க வேண்டும். ஐரோப்பிய தரநிலையிலும் ஏறக்குறைய இதே எண்கள்தான். அப்படியென்றால் 20 டன் மெஷினுக்கு முன்பக்கம் 16 டன் இழுவை. டிரெய்லரின் இரும்புப் படுகையில் இரும்புச் செயின் பாதம் நேரடியாக உட்கார்ந்து, நடுவில் குவாரிச் சேறும் கொஞ்சம் ஆயிலும் இருந்தால் உராய்வு எண்ணை 0.2 என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது 4 டன் பிடிமானம். மீதி 12 டன்னைச் செயின்தான் தாங்க வேண்டும். படுகையைச் சுத்தம் செய்து மரப்பலகை போட்டால் 0.3 வரை கணக்கில் எடுக்கலாம். 6 டன் பிடிமானம், மீதி 10. ரப்பர் விரிப்பு போட்டால் 0.6. பிடிமானம் 12 டன், மீதி வெறும் 4.

இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரப்பர் விரிப்பு என்றால் ஜெர்மனியிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. கிரஷரில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட் மூலையில் கிடக்கும். நம் பொக்லைன் போகிற இடமே பாதி நேரம் கிரஷர்தான். மாமா ஏற்கெனவே அதைத்தான் விரித்து ஏற்றுகிறார். "வழுக்காது கண்ணு" என்பதற்கு மேல் அவர் காரணம் சொன்னதில்லை.

அதற்காக ரப்பர் இருந்தால் செயின் வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். உராய்வு என்பது மெஷின் படுகையை அழுத்திக்கொண்டிருக்கும் வரைதான். ஸ்பீடு பிரேக்கரில் டிரெய்லர் தூக்கிப்போடுகிற அந்த அரை வினாடி அழுத்தமும் இல்லை, உராய்வும் இல்லை. ஜேசிபி மாதிரி டயர் வைத்த மெஷினாக இருந்தால் இன்னும் மோசம். டயரே ஸ்பிரிங் மாதிரி குதிக்கும். குதிக்கக் குதிக்கச் செயின் தளரும்.

செயினுக்கு வருவோம். இங்கேதான் நம் ஆட்கள் "நாலு மூலைக்கு நாலு போட்டாச்சு" என்று நிறுத்திக்கொள்கிறார்கள். நாலு என்பது சரியான எண்தான். அமெரிக்க விதியிலும் 10,000 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் நாலரை டன்னுக்கு மேல் எடையுள்ள டயர் மெஷினுக்கும் செயின் பாத மெஷினுக்கும் குறைந்தது நாலு கட்டு வேண்டும். முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இழுக்கிற மாதிரி. ஆனால் அது குறைந்தபட்சம். அதோடு இன்னொரு நிபந்தனை. எல்லாக் கட்டுகளின் வேலைத்திறனையும் கூட்டினால் சரக்கின் எடையில் பாதியாவது வர வேண்டும். கூட்டும்போது ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு முனை டிரெய்லரில், மறுமுனை மெஷினில் என்று நேராகக் கட்டிய செயினுக்கு அதன் திறனில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

20 டன் பொக்லைனுக்குப் போட்டுப் பாருங்கள். பாதி எடை 10 டன். டிரான்ஸ்போர்ட் செயின் என்று விற்கிற 70 கிரேடு, முக்கால் விரல் பருமன், அதாவது முக்கால் அங்குலத்தில் பாதியான 3/8 அங்குலச் செயின். அதன் வேலைத்திறன் 6,600 பவுண்டு, சுமார் 3 டன். நேர்க்கட்டுக்கு அதில் பாதி, ஒன்றரை டன். நாலு செயின் போட்டால் 6 டன். பத்து எங்கே, ஆறு எங்கே? ஏழு வேண்டும், ஜோடி சேர எட்டு. அரை அங்குலச் செயினாக இருந்தால் ஒன்றின் திறன் 11,300 பவுண்டு. நாலு போட்டால் பத்து டன்னை மயிரிழையில் தாண்டும்.

இதெல்லாம் கிரேடு முத்திரை உள்ள செயினுக்கு. செயின் கண்ணியைத் திருப்பிப் பாருங்கள், 7 அல்லது 70 என்று அடித்திருக்கும். முத்திரை எதுவும் இல்லையென்றால் அமெரிக்காவில் அதை 30 கிரேடாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதே 3/8 அங்குலப் பருமனில் அதன் திறன் 2,650 பவுண்டு. பார்வைக்கு ஒரே செயின், பலம் பாதிகூட இல்லை. இரும்புக் கடையில் கிலோ கணக்கில் எடை போட்டு வாங்கிய செயினால் பொக்லைன் கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கட்டினவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் கையில் கொடுத்தது அதுதான்.

எங்கே மாட்டுவது என்பதும் விஷயம். மெஷினிலேயே கட்டுவதற்கென்று கண்கள் வைத்திருப்பார்கள். அதை விட்டுவிட்டு ஹைட்ராலிக் சிலிண்டர் ராடிலோ, ஹோஸ் போகிற வழியிலோ செயினைச் சுற்றினால் கட்டும் நிற்காது, மெஷினும் கெடும். பக்கெட்டை முழுக்க இறக்கி, பலகை மேல் அமர்த்தி, அதற்குத் தனியாக ஒரு கட்டு. மேல்பாகம் சுழலாமல் இருக்க ஸ்விங் லாக். செயினை இறுக்குகிற லீவர் பைண்டரில் பைப் சொருகி எம்பி இறுக்குவார்கள். கை நழுவினால் அந்த லீவர் திரும்பி வந்து தாடையைப் பேர்த்துவிடும். ராட்செட் பைண்டர் கொஞ்சம் விலை, ஆனால் தாடையைவிட மலிவு.

கட்டிவிட்டுக் கிளம்பினால் வேலை முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. ஓட ஓட மெஷின் அமரும், பலகை நசுங்கும், செயின் தளரும். அமெரிக்காவில் முதல் 50 மைலுக்குள் ஒரு முறை நிறுத்திப் பார்க்க வேண்டும். பிறகு 150 மைலுக்கு ஒரு முறை, அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, எது முதலில் வருகிறதோ அது. டிரைவர் டூட்டி மாறினாலும் பார்க்க வேண்டும். நம் கணக்கில் சங்ககிரியில் கிளம்பினால் ஏறக்குறைய அவிநாசி வருவதற்குள் ஒரு முறை. டீக்கு எப்படியும் நிறுத்தத்தானே போகிறோம். தார்வாடிலிருந்து புது மெஷின் ஏற்றி வருகிறவர்கள் தொப்பூர் கணவாய் இறங்குவதற்கு முன்னால் கட்டாயம் ஒரு முறை பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அந்த இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கும்போது சாய்வும் சேர்ந்து மெஷினை முன்னால் தள்ளும்.

இதெல்லாம் தேவையில்லாத பயம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சம்பவம். இது டிரெய்லர் இல்லை, விமானம். ஆனால் விஷயம் அச்சு அசல் இதுவேதான். 2013 ஏப்ரல் 29-ஆம் தேதி ஆப்கானிஸ்தானில் பக்ராம் விமானதளத்திலிருந்து ஒரு போயிங் 747 சரக்கு விமானம் கிளம்பியது. உள்ளே ஒவ்வொன்றும் பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள ஐந்து ராணுவ வாகனங்கள், பட்டைகளால் கட்டப்பட்டிருந்தன. மேலே ஏறும்போது கடைசியாக இருந்த வாகனமாவது கட்டறுந்து பின்னால் உருண்டது. விமானத்தின் ஹைட்ராலிக் குழாய்களையும் வால் பகுதியின் கட்டுப்பாட்டையும் உடைத்தது. மூக்கு மேல் நோக்கிப் போய், தளத்துக்குள்ளேயே விழுந்து எரிந்தது. அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். முந்தைய நடையிலேயே ஒரு பட்டை அறுந்திருந்ததைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டது காக்பிட் ஒலிப்பதிவில் இருக்கிறது. அதாவது சரக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டது.

விசாரித்த அமெரிக்க அமைப்பு கட்டின ஆள் மேல் மட்டும் பழி போட்டு ஃபைலை மூடவில்லை. நிறுவனத்தின் கட்டும் முறையே தவறு, அதன் கையேடு தவறு, அதை மேற்பார்வை பார்க்க வேண்டிய அரசுத் துறையும் கோட்டைவிட்டது என்றது. எனக்கு இந்த இடம்தான் முக்கியம். ஏனென்றால் நம் ஊரில் நடப்பது நேர் எதிர்.

நம் ஊரில் மெஷின் நழுவி யாராவது இறந்தால் வழக்கு யார் மேல்? டிரைவர் மேல். கவனக்குறைவால் மரணம் விளைவித்தல். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் அதற்கு ஐந்து வருடம் வரை சிறை. பழைய சட்டத்தில் இரண்டு வருடமாக இருந்தது. நடைக்கு இவ்வளவு என்று பேட்டா வாங்குகிற ஆளுக்கு ஐந்து வருடம். செயின் வாங்கித் தராத முதலாளிக்கும், "சீக்கிரம் ஏத்திட்டுக் கெளம்பு, காலைல சைட்ல மெஷின் நிக்கணும்" என்று போன் போட்ட கான்ட்ராக்டருக்கும்?

இப்போது காசுக்கு வருகிறேன். மூன்று பேர் இருக்கிறார்கள். மெஷின் சொந்தக்காரர், டிரெய்லர் சொந்தக்காரர், டிரைவர். 20 டன் வகுப்பு பொக்லைன் புதுசு என்றால் அரைக் கோடியைத் தாண்டும். இது போனால் யாருக்கு நஷ்டம்?

மெர்கன்டைல் லா பேப்பரில் காமன் கேரியர் என்று படித்திருப்போம். 1865-ஆம் வருடச் சட்டம் போய் இப்போது இருப்பது 2007-ஆம் வருட சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம். 2011-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகளின்படி, சரக்கின் மதிப்பு கூடுதல் என்று முன்கூட்டியே அறிவித்து அதற்கான கட்டணம் பேசாவிட்டால், காமன் கேரியரின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கோடு நின்றுவிடும். வாடகை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள் (கணக்குக்காகத்தான், ரேட் கேட்டு யாரும் போன் பண்ண வேண்டாம்). அரைக் கோடி மெஷினுக்குப் பொறுப்பு ஒன்றரை லட்சம். சரக்கு ரசீதில் மதிப்பு எழுதுகிற கட்டத்தை எத்தனை பேர் நிரப்புகிறார்கள்? மாமாவின் ரசீதுப் புத்தகத்தில் அந்தக் கட்டம் முக்கால்வாசி வெள்ளையாகத்தான் கிடந்தது.

சரி, மெஷின் சொந்தக்காரர் டிரான்சிட் இன்சூரன்ஸ் எடுத்திருந்தால்? எடுத்திருக்கலாம். ஆனால் சரக்குப் பாலிசிகளில் வழக்கமாக ஒரு விலக்கு உண்டு. சரக்கைப் பயணத்துக்குப் போதுமான அளவு கட்டித் தயார் செய்யாததால் வந்த சேதத்துக்குப் பணம் கிடையாது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சர்வேயர் எத்தனை கேள்வி கேட்பார் என்று யோசித்துப் பாருங்கள். எத்தனை செயின், என்ன கிரேடு, யார் கட்டியது, யார் பார்த்தது? ஒன்றுக்கும் காகிதம் இருக்காது. ஏனென்றால் கட்டு பில்லிலேயே இல்லை.

நான்காவதாக ஒருவர் இருக்கிறார். டிரெய்லருக்குப் பின்னால் ஸ்பிளெண்டரில் வருகிறவர். அவருக்கும் இந்த வாடகைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிசினஸ் எகனாமிக்ஸில் எக்ஸ்டர்னாலிட்டி என்று படிக்கும்போது ஆலைப்புகை, சாயக்கழிவு என்று உதாரணம் சொல்வார்கள். எனக்கு இப்போதெல்லாம் இந்த ஸ்பிளெண்டர்காரர்தான் ஞாபகம் வருகிறார். கட்டாமல் மிச்சம் பிடித்த நேரத்தின் விலையை அவர் கட்டுகிறார்.

அரசாங்கம் பார்க்காதா என்று கேட்கலாம். பார்க்கிறது, ஆனால் எடை மேடையில் தெரிவதைப் பார்க்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலாகிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. சரக்கு பக்கவாட்டிலோ உயரத்திலோ அனுமதித்ததை மீறி நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் 20,000. பொக்லைன் இந்த இரண்டாவதில் சுலபமாக மாட்டும். வண்டியின் அகலம் 2.6 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. 20 டன் பொக்லைனின் அகலமே 2.8 மீட்டரில்தான் ஆரம்பம். ஆகவே அளவு மீறிய சரக்கு என்று முறைப்படி அனுமதி வாங்க வேண்டும். வாங்காதவர்கள் ராத்திரியில் ஓட்டுகிறார்கள். ராத்திரியில் ஓட்ட வேண்டுமென்றால் ராத்திரியில்தான் ஏற்ற வேண்டும். டார்ச் வெளிச்சத்தில், தூக்கக் கலக்கத்தில், அவசரத்தில் கட்டின கட்டு எப்படி இருக்கும்? அபராதத்துக்குப் பயந்து எடையையும் அளவையும் பார்க்கிறவர்கள் கட்டைப் பார்ப்பதில்லை. எடை மேடை கட்டை எடை போடாது.

அனுமதி வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. அதே 2013-இல், மே 23-ஆம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் ஆற்றுப் பாலத்தில் அளவு மீறிய சரக்கோடு ஒரு டிரெய்லர் போனது. அனுமதிச் சீட்டு இருந்தது. உயரத்தை அளக்கிற கம்பம் வைத்த பைலட் கார்கூட முன்னால் போனது. சரக்கின் மேல்முனை பாலத்தின் இரும்புச் சட்டங்களில் இடித்தது. டிரெய்லர் பாலத்தைத் தாண்டிவிட்டது, பின்னால் பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது! இரண்டு வண்டிகளும் மூன்று பேரும் தண்ணீரில். நல்லவேளை மூவரும் பிழைத்தார்கள். பாலத்தின் மேற்சட்டம் வளைவானது, ஓரத்தில் தாழ்வு, நடுவில் உயரம். பக்கத்து லேனில் போயிருந்தால் தப்பியிருக்கும். பைலட் கார் ஓட்டியவர் ஹேண்ட்ஸ்-ஃப்ரீயில் போன் பேசிக்கொண்டிருந்தார் என்று விசாரணையில் தெரிந்தது. வழியில் உள்ள பாலங்களின் உயரத்தைச் சரிபார்ப்பது யார் வேலை? அனுமதி கொடுத்த மாநிலத்தின் வேலை அல்ல, லாரி நிறுவனத்தின் பொறுப்பு என்றுதான் அங்கே ஏற்பாடு. சீட்டைக் கொடுத்துவிட்டுப் பொறுப்பைக் கீழே தள்ளிவிடுகிற பழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை.

என் யோசனை ரொம்பச் சின்னது. புதுச் சட்டமெல்லாம் கேட்கவில்லை. கட்டுக்கூலி என்று பில்லில் தனியாக ஒரு வரி. அதன் பக்கத்தில் மெஷின் எடை எவ்வளவு, எத்தனை செயின், என்ன கிரேடு, யார் கட்டினார், யார் பார்த்தார். மெஷின் தரப்பிலிருந்து ஒரு கையெழுத்து. கிளம்புவதற்கு முன் நாலு மூலையையும் போனில் நாலு போட்டோ. அவ்வளவுதான். ஒரு செலவுக்குத் தனித் தலைப்பு கொடுத்தால் அதற்கு ஒரு ஆள் பொறுப்பாகிறார் என்பது காஸ்டிங்கின் முதல் பாடம். தலைப்பு இல்லாத செலவு இல்லாத செலவாகிவிடும். முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

கையெழுத்து வந்துவிட்டால் பொறுப்பு டிரைவர் தலையில் மட்டும் நிற்காது. நாலு செயின்தான் கொடுத்தார்கள், எட்டு வேண்டும் என்று அவர் எழுதி வைக்கலாம். நாளைக்கு சர்வேயரோ போலீஸோ கேட்டால் காட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்கும். மெஷின்காரருக்கும் லாபம்தான், கிளெய்ம் பண்ணும்போது கைகொடுக்கும்.

இதை மாமாவிடம் சொன்னேன். சிரித்தார். "கட்டுக்கூலின்னு ஐந்நூறு ரூவா எழுதினன்னு வெய்யி, பக்கத்து வண்டிக்காரன் அந்த ஐந்நூறு இல்லாம வர்றேம்பான். பார்ட்டி அவனத்தான் கூப்புடுவான்." நியாயமான பதில், ஒப்புக்கொள்கிறேன். போட்டி அதிகமுள்ள சந்தையில் ஒருவர் மட்டும் விலை ஏற்ற முடியாது என்பதும் நாங்கள் படித்ததுதான். அதனால்தான் இதை டிரெய்லர்காரர் ஆரம்பிக்க முடியாது, மெஷின் வைத்திருக்கிறவர்தான் ஆரம்பிக்க வேண்டும் என்கிறேன். அரைக் கோடி அவருடையது. ஐந்நூறு ரூபாய் குறைகிறது என்று அவர் வண்டியை மாற்றும்போது எதைக் குறைக்கிறார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். பெரிய கட்டுமான நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் இந்த வரியைக் கட்டாயமாக்கினால் சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் ஒரே மாதத்தில் எல்லா பில் புக்கிலும் அது அச்சாகிவிடும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு பில் புக் அடிப்பதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

செயின் செலவு பெரிதா என்று கேட்டதற்கும் மாமாவிடம் பதில் இருந்தது. "நல்ல செயினு, பைண்டரு எல்லாம் ஒரு செட்டு வாங்குனா ரெண்டு டயரு வெல ஆவும். டயராவது தேயும்." தேய்மான விகிதம் பற்றி எங்கள் சாரைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் வண்டி இருக்கிறது என்று தெரியும். மற்ற ஊர்க்காரர்களும் படிக்கிறீர்கள். உங்கள் பக்கம் மெஷின் ஏற்றும்போது கட்டுக்குத் தனியாக யாராவது கூலி வாங்குகிறார்களா? வாங்கினால் எவ்வளவு, மெஷின்காரர் முகம் சுளிக்காமல் தருகிறாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மாமாவிடம் காட்ட வேண்டும்.